மாதம் ஆயிரத்துக்குள் நாடகம், கூத்து: டிக்கெட், பயணம், வெளியூர் எல்லாம் சேர்த்து

கடைசிவரிசை எழுதியது:

வணக்கம். தாம்பரம் பக்கம் குடியிருக்கிறேன். மாதம் இரண்டு நாடகமாவது பார்க்க ஆசை. அதற்கென்று ஒதுக்க முடிவது ஆயிரம் ரூபாய், போக்குவரத்தும் அதற்குள்தான். கணக்குப் போட்டால் டிக்கெட் அவ்வளவு உறுத்தவில்லை. முன்னூறு ரூபாய் டிக்கெட் வாங்கிப் போய், ஒன்பதரைக்கு வெளியே வந்து ஆட்டோ பிடித்தால் அங்கேயும் ஒரு முன்னூறு போகிறது. ஆன்லைனில் எடுத்தால் சேவைக் கட்டணம் வேறு. இடைவேளையில் காபி குடிப்பதையே விட்டுவிட்டேன்.

வெளியூர் நாடகங்களுக்கும் போக வேண்டும் என்று இருக்கிறது. சென்னை சபா நாடகம் மட்டும்தான் நாடகமா என்ன. தொடர்ந்து பார்ப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மேடைப்பித்தன் எழுதியது:

நீங்கள் தாம்பரம் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எந்த நாடகம் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த அரங்கம் என்று பாருங்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தடத்திலேயே நான்கு அரங்கங்கள் இருக்கின்றன. எழும்பூரில் இறங்கி நடந்தால் மியூசியம் தியேட்டர். சேத்துப்பட்டில் இறங்கினால் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்தில் இருக்கும் முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கம். நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஒரு பஸ் அல்லது நல்ல நடை, காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ். மாம்பலத்தில் இறங்கினால் ஜி.என். செட்டி சாலையில் வாணி மஹால். பத்து ரூபாய் டிக்கெட், இரவு பதினொரு மணிக்கு மேலும் ரயில் உண்டு. ஆழ்வார்பேட்டை நாரத கான சபாதான் நம் போன்றவர்களுக்குத் தொல்லை, ரயிலும் கிட்டத்தில் இல்லை. அங்கே போவதென்றால் சனி, ஞாயிறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கும்பலில் யாராவது சைதாப்பேட்டை வரை வருவார்கள், பேசிப் பழகினால் ஒரு வண்டியில் நான்கு பேர் போகலாம்.

மியூசியம் தியேட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1896இல் கட்டியது. பார்வையாளர் பகுதி அரைவட்டமாகப் படிப்படியாக ஏறிப்போகும். அதனால் அங்கே கடைசி வரிசை என்பது தண்டனை இல்லை, உங்கள் பெயருக்கும் பொருத்தம். முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. குறைந்த விலை டிக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தரை சமமாக இருக்கும் அரங்கங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து முன்னால் உட்காருங்கள்.

சங்குசக்கரம் எழுதியது:

டிக்கெட் ஏன் எப்போதும் 500 ரூபாயோடு நிற்கிறது என்று யோசித்ததுண்டா? நாடகம், இசை, நடன நிகழ்ச்சிகளுக்கு 500 ரூபாய் வரையான நுழைவுச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017இல் 250 ரூபாய் என்று இருந்ததை 2018 ஜனவரியில் 500 ஆக்கினார்கள். 501 என்று அச்சடித்தால் 18 சதவீதம் வரி. அதனால் 550, 600 என்று டிக்கெட் பார்ப்பது அபூர்வம். 500க்கு அடுத்தது நேரே ஆயிரம்தான். நமக்கு அது நல்லதுதான்.

ஆனால் ஆன்லைன் சேவைக் கட்டணத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. அரங்க வாசலில் கவுன்ட்டர் இருந்தால் அங்கேயே வாங்குங்கள். ஹவுஸ்ஃபுல் காட்சி என்பதெல்லாம் நம் ஊர் நாடகத்துக்கு எப்போதாவதுதான்.

பாஸ்கிடைக்குமா எழுதியது:

எதுக்குங்க டிக்கெட்? சபாவில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பாஸ் கிடைக்கும். நான் காசு கொடுத்து நாடகம் பார்த்ததே கிடையாது.

திரைக்குப்பின் எழுதியது:

மேலே எழுதிய நண்பருக்கு: நான் ஒரு சின்னக் குழுவில் ஒளியமைப்பு பார்க்கிறேன். ஒரு காட்சி போட அரங்க வாடகை, லைட், மைக், செட் ஏற்றி இறக்கும் டெம்போ, ஒப்பனைக்காரர், நடிகர்கள் வீட்டுக்குப் போகும் ஆட்டோ எல்லாம் குழுவின் தலையில்தான். ஒத்திகைக்கு வாடகைக்கு எடுத்த இடம் தனி. சபா அழைத்துப் போடும் நாடகம் என்றால் ஒரு தொகை பேசித் தருவார்கள், அதில் பாஸ் எத்தனை போனாலும் எங்களுக்கு நேரடி நஷ்டம் இல்லை. நாங்களே கையிலிருந்து போட்டு நடத்தும் காட்சியில் பாஸ் கேட்டால் அது எங்கள் டெம்போ வாடகை.

அதனால் பாஸே கூடாது என்று சொல்லவில்லை. யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். குழுவின் சொந்தக் காட்சி என்றால் இருநூறு ரூபாய் டிக்கெட்டையாவது வாங்குங்கள். அதுவும் முடியாது என்றால் முன்னோட்டக் காட்சிக்கு வாருங்கள். நிறைய குழுக்கள் அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒத்திகை இடத்திலேயே ஐம்பது பேரை உட்கார வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள், முடிந்ததும் மனதில் பட்டதைச் சொன்னால் போதும். எங்களுக்கு உண்மையில் அதுதான் வேண்டும்.

மேடைப்பித்தன் எழுதியது:

தம்பி சொல்வது சரி. மாதம் இரண்டு என்று உறுதியாக இருப்பவர்கள் சபா உறுப்பினர் சந்தாவையும் விசாரிக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை கட்டினால் அந்தச் சபாவின் நாடகம், கச்சேரி எல்லாவற்றுக்கும் போகலாம். ஒரு காலத்தில் அமெச்சூர் நாடகக் குழுக்கள் வாழ்ந்ததே இந்தச் சந்தாவில்தான். தொலைக்காட்சி வந்த பிறகு உறுப்பினர் எண்ணிக்கை விழுந்தது, சபாக்களும் நாடகத்தைக் குறைத்துக்கொண்டன. கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா இருக்கிறது. புது நாடகங்கள் வரிசையாக அங்கேதான் அரங்கேறும். ஒரே வாரத்தில் நான்கைந்து பார்த்துவிட்டு மற்ற மாதங்களில் கையைச் சுருக்கிக்கொள்ளலாம். எல்லாமே நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜோக்குக்கு ஜோக் தோரணம் கட்டிய நாடகங்களும் வரும். அன்றைக்கு அரங்கத்தின் ஏசிக்குக் கொடுத்த காசு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தாழம்பூ எழுதியது:

எல்லாரும் சென்னை அரங்கத்துக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். நான் காஞ்சிபுரம். எங்கள் பக்கத்தில் டிக்கெட் என்பதே இல்லை.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதக் கூத்து நடக்கும். நோட்டீஸில் "அக்னி வசந்த விழா" என்று போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், கடைசிப் பத்து நாள் வாக்கில் இரவு கூத்து. எந்த இரவு எந்தக் கதை என்று நோட்டீஸிலேயே இருக்கும்: வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். எல்லா இரவும் போக முடியாது என்றால் துகிலுரிதலோ கர்ண மோட்சமோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு நாள்தான் லீவு என்றால் பதினெட்டாம் போர் இரவுக்கு வந்து, காலையில் படுகளம் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசிவரிசை கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம். மாலை பஸ்ஸில் வந்து முதல் பஸ்ஸில் போகலாம். லாட்ஜ் வாடகையும் இல்லை, இரவு ஆட்டோவும் இல்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021லிருந்து கட்டணம் கிடையாது. ஊருக்குள் போகும் பஸ் பெரும்பாலும் அதுதான். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை மின்சார ரயிலே வருகிறது, ஆனால் குறைவான வண்டிகள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூத்து என்றால் மெதுவாக நகரும் என்று நினைப்பவர்கள் ஒரு திரை வருகை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். அதற்குப் பின்னால் துரியோதனன் நின்றபடி பாடுவான். முகம் தெரியாது, கிரீடத்தின் உச்சி மட்டும் துணிக்கு மேல் ஆடும். கீழே சலங்கைக் கால் தெரியும். முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுவது) மேலே ஏறும், மிருதங்கம் வேகம் பிடிக்கும், முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து நின்றுவிடும். துணியை விலக்கியதும் அவன் சுழல்கிற சுழலில் புழுதி நம் மேல் விழும். தோளிலும் தலையிலும் கட்டியிருப்பது மரத்தில் செதுக்கிய அணிகள். கட்டைக்கூத்து என்ற பெயரே அதனால்தான். அந்தப் பாரத்தோடுதான் இரவு முழுக்க ஆடுகிறார்கள்.

காலையில் படுகளம். களிமண்ணில் துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள், ஒரு பஸ் நீளத்துக்கு. பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடுவார்கள், கூட்டமும் கூடவே ஓடும். தொடையில் அடி விழுந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிவாள். ஊர்ப் பெண்கள் அழுவார்கள், நடிப்பைப் பார்த்து அழுவது மாதிரியே இருக்காது. சாயங்காலம் தீமிதி.

வெண்ணிலா_22 எழுதியது:

அக்கா, தனியாக ஒரு பெண் இரவு முழுக்க உட்கார முடியுமா? வீட்டில் அதுதான் முதல் கேள்வி.

தாழம்பூ எழுதியது:

முடியும். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும்தான். போனதும் ஒரு பாட்டி பக்கத்தில் இடம் பிடித்துவிடு. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து முடித்ததும் அன்றைய இரவுக்கு அவர்தான் உனக்குக் காவல். தண்ணீர், போர்வை, பவர் பேங்க் கொண்டு வா. முதல் தடவை ஒரு தோழியோடு வந்தால் வீட்டிலும் விடுவார்கள். நடுராத்திரியில் தூக்கம் வந்தால் தூங்கு, தப்பில்லை. முக்கியமான கட்டம் வரும்போது பக்கத்தில் இருப்பவர்களே எழுப்பிவிடுவார்கள்.

முதல் அனுபவமாகத் திருவிழாக் கூட்டம் வேண்டாம் என்றால் இரண்டு இடம் சொல்கிறேன். செய்யாறு பக்கம் புரிசை. கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் நினைவாக அங்கே ஆண்டுதோறும், பெரும்பாலும் அக்டோபர் வாக்கில், இரவு முழுக்க நாடக விழா நடத்துகிறார்கள். கூத்தும் இருக்கும், நவீன நாடகமும் இருக்கும். இன்னொன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல், கட்டைக்கூத்துச் சங்கத்தின் இடம். 1990இல் தொடங்கிய சங்கம். அவர்கள் நிகழ்ச்சித் தேதியை முன்கூட்டியே வெளியிடுவார்கள், திட்டமிட வசதி.

பபூன்ரசிகன் எழுதியது:

தெற்கே ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டீர்களே! மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பக்கம் ஸ்பெஷல் நாடகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி எல்லாம் இன்றைக்கும் ஓடுகின்றன. அவர் இறந்தது 1922இல், நூறு வருடம் தாண்டிவிட்டது.

இதில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள், கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் தர்க்கம் வரும்போது நிஜமாகவே ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை இரண்டு ஊரில் கேட்டால் இரண்டு நாடகம். நான் ஒரே வள்ளி திருமணத்தை ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

நுழைவு இலவசம், செலவு ஊர் வரிப் பணத்தில். நோட்டீஸில் நடிகர்கள் படமெல்லாம் போட்டிருக்கும். பங்குனி முதல் ஆடி வரை பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பார்த்தாலே தெரியும். சென்னையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணி வாக்கில் மதுரையில் விடும். நாடகம் பத்து மணிக்கு மேல்தான், அதிலும் முதல் இரண்டு மணி நேரம் பபூனும் டான்ஸும். பகல் ரயிலில் இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கை எடுத்தால் பஸ்ஸைவிட மலிவு, இடுப்பும் பிழைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பபூன் பகுதியில் பேச்சு கொச்சையாகப் போகும். குடும்பத்தோடு வருபவர்கள் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தால் கதை தொடங்கியிருக்கும்.

ஓசூர்வாசி எழுதியது:

பெங்களூரு பக்கம் போக முடிந்தவர்களுக்கு ஜே.பி. நகரில் ரங்கசங்கரா நாடக அரங்கம். 2004இல் திறந்தது, நடிகை அருந்ததி நாக் முன்நின்று கட்டியது. திங்கள் தவிர அநேகமாக எல்லா நாளும் நாடகம் உண்டு. இருக்கை எண் கிடையாது. முதலில் வருபவர் முன்னால் உட்காரலாம், குறைந்த விலை, அதிக விலை என்ற வேற்றுமை அங்கே இல்லை. ஒரு நிமிடம் தாமதித்தாலும் உள்ளே விட மாட்டார்கள், டிக்கெட் கையில் இருந்தாலும் சரி. ரயில் தாமதத்தை நம்பிப் போகக் கூடாத இடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல நாடகங்கள் மாலை 3.30க்கும் 7.30க்கும் இரண்டு காட்சி போடுவார்கள். காலை ரயிலில் வந்து 3.30 காட்சி பார்த்துவிட்டு இரவு மெயிலில் சென்னை திரும்பலாம். நாடகம் கன்னடத்தில் இருந்தால்? இருக்கட்டும். நான் கன்னடம் கற்றுக்கொண்டதே அங்கே உட்கார்ந்துதான்.

திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதமி நடத்தும் சர்வதேச நாடக விழாவையும் குறித்துக்கொள்ளுங்கள். 2008லிருந்து நடக்கிறது, ஜனவரி–பிப்ரவரி வாக்கில். வெளிநாட்டுக் குழுக்களின் நாடகத்தை சினிமா டிக்கெட்டைவிடக் குறைந்த விலையில் வேறெங்கும் பார்க்க முடியாது. சென்னையிலிருந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ராத்திரி ரயில், காலையில் இறங்கலாம். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதனால் நிகழ்ச்சி நிரலுக்குக் காத்திருக்காமல் விழாத் தேதி வந்ததுமே ரயிலை எடுத்துவிடுங்கள், எந்த நாடகம் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூன்று நாள் தங்கினால் தங்கும் செலவுதான் பட்ஜெட்டை உடைக்கும். நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

சங்குசக்கரம் எழுதியது:

புதுச்சேரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, மாணவர் நாடகங்கள் தரமாக இருக்கும். இந்தியநோஸ்ட்ரம் நாடகக் குழு, ஆரோவில் பக்கம் ஆதிசக்தி நாடகக் குழு. ஆதிசக்தியில் ஏப்ரல் வாக்கில் அதை நிறுவிய வீணாபாணி சாவ்லாவின் நினைவு விழா. ஊருக்கு வெளியே என்பதால் இரவு திரும்ப வண்டியை முதலிலேயே பேசிவைக்க வேண்டும்.

மேடைப்பித்தன் எழுதியது:

தஞ்சாவூர்க்காரன் ஒருவனும் வாய் திறக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மெலட்டூர் பாகவத மேளா. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, மே மாத வாக்கில். எல்லா வேடமும் ஆண்கள்தான், நாடகம் தெலுங்கில். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மரின் முகமூடிக்குப் பூஜை நடக்கும், அதைப் போடுபவர் விரதம் இருப்பார். டிக்கெட் கிடையாது. விடிய விடிய நடக்கும் என்பதால் தாழம்பூ சொன்ன அதே கணக்கு இங்கேயும் சரிவரும்: இரவு தஞ்சாவூரிலிருந்து போய், காலையில் பஸ் பிடித்து வந்துவிடலாம்.

மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியதிலிருந்து என் மாதிரி ஆட்களுக்கு இந்த விடிய விடிய நாடகங்கள்தான் கட்டுப்படியாகின்றன. முதுகுதான் ஒத்துழைக்க மறுக்கிறது. மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிவிட்டேன், பின்னால் ஓரமாகப் போட்டுக்கொள்வேன்.

கடைசிவரிசை எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. நான் போட்டிருக்கும் கணக்கு இதுதான். சாதாரண மாதங்களில் ரயில் தடத்து அரங்கங்களில் இரண்டு, அதில் ஒன்று குழுவின் சொந்தக் காட்சி. அறுநூறு, எழுநூறு ரூபாயில் முடியும். மீதியைச் சேர்த்து வைத்து ஜனவரியில் திருச்சூர். பங்குனி முதல் ஆடி வரை சென்னையில் ஒன்றுக்கு மேல் டிக்கெட் வாங்குவதில்லை, சனிக்கிழமை இரவுகள் கூத்துக்கு. அக்டோபரில் புரிசை.

ஒரு சந்தேகம். கூத்து இலவசம் என்று சும்மா பார்த்துவிட்டு வருவது சங்கடமாக இருக்கிறது. திரைக்குப்பின் எழுதியதைப் படித்த பிறகு இன்னும் கூடுதலாக. ஏதாவது கொடுப்பது எப்படி?

தாழம்பூ எழுதியது:

ஆட்டத்துக்கு நடுவிலேயே கொடுக்கலாம். பிடித்த நடிகரிடம் நேரே போய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், இல்லை கட்டியக்காரனிடம் (கூத்தில் கதை சொல்லி, சிரிக்க வைப்பவன்) கொடுத்தால் உங்கள் பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் மைக்கில் சொல்லி வாழ்த்துவான். கூச்சமாக இருந்தால் பெயர் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதை வைத்தும் ஒரு ஜோக் அடிப்பான். நூறு ரூபாய் கொடுங்கள், போதும். பத்து, இருபது ரூபாய் நோட்டாக மாற்றி வைத்துக்கொண்டால் மிருதங்கக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் தனியாகக் கொடுக்கலாம், அவர்களைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அப்புறம், கூத்து நடக்கும் களரியில் ஜிபே எல்லாம் நம்பாதீர்கள், திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் இருக்காது.